ரத்தப் பரீக்ஷையின் முடிவை மதிப்பிடும் கணக்கு

கறவை மாடுகளைக் கொண்டு ஜீவிக்கும் குடியானவர் ஒருவருக்கு, அவருடைய பசுவின் ரத்தத்தைப் பரீக்ஷித்ததில் கன்று வீச்சு நோயின் அறிகுறி காணப்பட்டது என்று ஒரு காகிதம் வந்து சேருமாயின், அன்று அவ்வீட்டில் அடுப்பு மூட்டவும் மனம் வராது. இங்ஙனம் காகிதம் பெற்றவர்களில் சிலர், விஷயம் வெளியில் தெரியுமுன் மாட்டை வந்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுகின்றனர். நோய் மெய்யாயிருந்தால் அது வேறொரு கிராமத்திற்குப் போய்ச் சேருகிறது. பொய்யாயிருந்தால் ஒரு நல்ல பசு பாதி விலைக்குப் போகிறது. வேறு சிலர், மாடு நன்றாய்த் தீனி தின்று பால் கறப்பதைக் கண்டு, பரீக்ஷையே பொய் என்று காகிதத்தை இறவாணத்தில் செருகிவிடுகின்றனர். இரு சாராரும் காகிதம் சொல்வதைச் சரியாகப் படிக்கவில்லை. அதைப் படிப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அக்கணக்கு மனக்கணக்காகவே போடக்கூடியது. ஆயினும் படித்தவர்களும் இதில் தவறுவது சகஜம்.

பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்ப் பக்கங்களில் இவ்விஷயம் மிகவும் கவனிக்கத்தக்கது. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின்னர் ஏரிப் பாசன நிலங்களில் பெரும்பகுதி மனைகளாக மாறிவிட்டபோதிலும், பட்டணத்தின் பால் தேவையை முன்னிட்டுப் பசுவும் எருமையும் இன்னும் இப்பக்கத்து வீடுகளில் இருந்து வருகின்றன. மேய்ச்சல் குறைந்த இடங்களில் மாடுகள் நெருங்கி நிற்கின்றன. சந்தை மாடுகளும் அடிக்கடி வந்து கலக்கின்றன. தொற்றுநோய்க்கு இவை இரண்டும் சாதகமான நிலைமைகள்.

கன்று வீச்சு நோயானது புருஸெல்லா என்னும் கிருமியால் உண்டாவது. 1887-ஆம் ஆண்டில் மால்டா தீவில் டேவிட் புரூஸ் என்னும் ராணுவ வைத்தியர், காய்ச்சலால் மாண்ட சிப்பாய்களின் உடலில் இவ்வினக் கிருமியை முதன்முதல் கண்டார். பத்து வருஷங்களுக்குப் பின்பு டென்மார்க் தேசத்தில் பாங்க் என்பவர், மாடுகள் கன்று வீசுவதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். சினைப் பசு ஐந்தாம் மாதத்திற்குப் பிறகு, பெரும்பாலும் ஏழாம் மாதத்தை ஒட்டிக் கன்றை வீசிவிடும், நஞ்சுக்கொடி தங்கும், சில வேளைகளில் சினை பிடிப்பதே அரிதாகும். ஒரு முறை கன்று வீசிய பசு அடுத்த தடவை ஒழுங்காய் ஈனவுங்கூடும். அதனால் நோய் நீங்கிவிட்டது என்று எண்ணலாகாது; அதன் பாலிலும் கழிவிலும் கிருமி வெளிப்பட்டுக்கொண்டிருக்கலாம். காய்ச்சாத பாலைக் குடிப்போருக்கும், வீசிய கன்றையும் நஞ்சையும் வெறுங்கையால் எடுப்போருக்கும் இந்நோய் தொற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் உண்டாகும். மாட்டிற்கு இதைத் தீர்க்கும் நடைமுறையான மருந்து இல்லை. ஆகவேதான் ரத்தப் பரீக்ஷைக்கு இத்தனை முக்கியம்.

சாதாரணமாக முதலில் செய்யப்படுவது ரோஸ் பெங்கால் என்னும் பரீக்ஷை. மாட்டின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரில் ஒரு துளியை, சிவந்த சாயமேற்றிய கிருமிக் கரைசலின் ஒரு துளியுடன் கலந்து, திரிதிரியாய்த் திரள்கிறதா என்று நான்கு நிமிஷம் பார்ப்பார்கள். மலிவானது, விரைவானது. ஆனால் பிழையற்றதன்று. நோயுள்ள மாடுகளில் சிலவற்றை விட்டுவிடும்; நோயற்ற மாடுகளில் சிலவற்றை நோயுள்ளதாகக் காட்டும். வேறு சில கிருமிகள் குடலில் தங்கியிருந்தாலும், தடுப்பூசி போட்டது ரத்தத்தில் மிஞ்சியிருந்தாலும் துளி திரளக்கூடும்.

இனிக் கணக்கிற்கு வருவோர் முதலில் இரண்டு வாக்கியங்களைப் பிரித்தறிய வேண்டும். "நோயுள்ள மாட்டின் ரத்தம் திரளும்" என்பது ஒன்று. "ரத்தம் திரண்ட மாட்டிற்கு நோய் உண்டு" என்பது மற்றொன்று. இவை ஒன்றெனத் தோன்றும், ஒன்றல்ல. காய்ச்சல் கண்டவனுக்கு உடம்பு சுடும். அதனால் உடம்பு சுடுகிறவனெல்லாம் காய்ச்சல்காரன் ஆகமாட்டான். சித்திரை வெயிலில் களத்தில் நின்று வந்தவனுக்கும் உடம்பு சுடத்தான் செய்யும். ஊரில் காய்ச்சல் பரவியிருக்கும் காலத்தில் சுடும் உடம்பைத் தொட்டவுடன் காய்ச்சல் என்கிறோம்; காய்ச்சலே இல்லாத கோடையில் முதலில் வெயிலையே நினைக்கிறோம். தொட்ட கை ஒன்றே, முடிவு வேறு. ஊர் நிலவரத்தையும் கை கண்டதையும் சேர்த்துத் தீர்மானிக்கும் இந்த இயல்பான யுக்திதான் மேற்படி கணக்கின் சாரம்.

ஓர் உதாரணத்தால் விளக்கலாம். இதில் வரும் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவையே. எந்த ஊரின் நிலவரத்தையும் குறிப்பன அல்ல. நோயுள்ள 100 மாடுகளில் 90-ஐப் பரீக்ஷை சரியாகக் காட்டும் என்றும், நோயற்ற 100 மாடுகளில் 5-ஐத் தவறாக நோயுள்ளதாகக் காட்டும் என்றும் வைத்துக்கொள்ளலாம். கேட்பவர் எவரும் இது நல்ல பரீக்ஷை என்றே சொல்வர். கன்று வீச்சு அதிகம் கேள்விப்படாத சில கிராமங்களில் 1,000 பசுக்கள் இருப்பதாகவும், அவற்றில் 20-க்கு மட்டும் நோய் இருப்பதாகவும் கொள்க.

அந்த 20 பசுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் 18 பசுக்களின் ரத்தம் திரளும். நோயற்றவை 980, அவற்றில் நூற்றுக்கு ஐந்து வீதம் 49 பசுக்களின் ரத்தமும் திரளும். ஆகத் திரண்டவை 67. இந்த 67 வீட்டுக்காரர்களுக்கும் ஒரே வாசகமுள்ள காகிதமே போகும். ஆனால் மெய்யாகவே நோயுள்ள பசு 18 வீடுகளில்தான் இருக்கிறது. காகிதம் பெற்ற நான்கு பேரில் ஏறக்குறைய மூவருடைய பசு நல்ல பசு. நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் பரீக்ஷை என்ற பேச்சைக் கேட்டு மாட்டைச் சந்தைக்கு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் வீணாய் நஷ்டப்பட்டவர்களே. பரீக்ஷையில் குற்றமில்லை, நோயற்ற மாடுகள் மிகப் பலவாயிருப்பதால், அவற்றில் சிறு பங்கு தவறினாலும் அத்தொகை நோயுள்ளவற்றின் தொகையை விஞ்சிவிடுகிறது.

இப்போது வேறொரு நிலைமையைப் பார்க்கலாம். சென்ற ஒரு வருஷத்தில் பல பசுக்கள் கன்று வீசிய கொட்டில்கள் என்றும், அவற்றிலுள்ள 1,000 மாடுகளில் 300-க்கு நோய் என்றும் கொண்டால், 300-இல் 270-ம், நோயற்ற 700-இல் 35-ம் திரளும். ஆக 305. அவற்றுள் 270 மெய். பத்தில் ஒன்பது பங்கு நம்பலாம். பரீக்ஷையும் அதுவே, காகிதமும் அதுவே. ஆனால் முன்னதில் நான்கில் ஒன்றாயிருந்த சந்தேகம் இங்கே நிச்சயத்தை நெருங்கிவிட்டது.

இவ்வகைக் கணக்கிற்கு ஆதாரமான சூத்திரத்தை எழுதியவர் இங்கிலாந்து தேசத்துத் தாமஸ் பேயஸ் என்னும் பாதிரியார். அவர் 1761-இல் காலமானார். அவருடைய காகிதங்களில் கிடந்த கட்டுரையை ரிச்சர்டு பிரைஸ் என்னும் நண்பர் எடுத்து, 1763-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் லண்டன் ராயல் சொஸைட்டியில் படிக்கச் செய்தார். பிரெஞ்சு கணித நிபுணர் லாப்லாஸ் 1774-இல் தாமாகவே அதே வழியைக் கண்டு விரிவாக்கினார். ஒரு விஷயம் தெரிந்த பின்பு மற்றொன்று நிகழ்ந்திருப்பதற்குள்ள வாய்ப்பு எவ்வளவு என்று கேட்பதை நிபந்தனைக்குட்பட்ட நிகழ்தகவு என்பர். எழுத்துக் குறிகளால் எழுதப்பட்ட சூத்திரத்தைப் பார்த்து மலைப்பவர்கள் அநேகர். மேலே செய்ததுபோல் ஆயிரம் மாடுகளாக எண்ணிப் பார்ப்பவருக்கு அக்குறிகள் தேவையில்லை, விடை ஒன்றே.

இன்னும் சுருக்கமான வழியும் உண்டு. நோயுள்ள மாட்டில் 90-க்கும் நோயற்ற மாட்டில் 5-க்கும் திரளுகிறது என்றால், 90-ஐ 5-ஆல் வகுக்க 18 வரும். இது அப்பரீக்ஷையின் சாட்சி பலம். முதல் உதாரணத்தில் காகிதம் வருமுன் நோயுள்ளதும் அற்றதும் 20-க்கு 980, அதாவது 1-க்கு 49 என்ற விகிதத்தில் இருந்தன. சாட்சி வந்ததும் 1-ஐப் பதினெட்டால் பெருக்குக: 18-க்கு 49. இரண்டாம் உதாரணத்தில் 3-க்கு 7. பெருக்கினால் 54-க்கு 7. விடைகள் முன் கண்டவையே. முன் விகிதத்தைச் சாட்சி பலத்தால் பெருக்கப் பின் விகிதம் வரும் என்பதை ஒரு முறை கைப்பழக்கம் செய்துகொண்டால் வேண்டியது அவ்வளவே.

இந்த வழியால் தடுப்பூசியின் சங்கதியும் தெளிவாகும். 2019-ஆம் ஆண்டு முதல் தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தின்படி, நான்கு முதல் எட்டு மாதம் வரையுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி போடப்படுகிறது. உரிய வயதில் போட்டால் ரத்தத்திலுள்ள அதன் அடையாளம் பெரும்பாலும் சினைப் பருவத்திற்குள் மறைந்துவிடும்; வயது கடந்து போட்டால் நெடுநாள் நிற்கக்கூடும். அப்படிப்பட்ட நோயற்ற மாடுகளில் 100-க்கு 5 அல்ல, 30 திரளும் என்று வைத்துக்கொண்டால் சாட்சி பலம் 90-ஐ 30-ஆல் வகுத்த 3 தான். 1-க்கு 49 என்பது 3-க்கு 49 ஆகும். பதினேழு மாடுகளில் ஒன்றிற்குத்தான் நோய். ஆகையால் காதில் பூட்டியுள்ள பன்னிரண்டு இலக்க வில்லையின் எண்ணையும், ஊசி போட்ட தேதியையும், அப்போது கன்றின் வயதையும் எழுதிவைத்திருப்பவர், கால்நடை வைத்தியருக்குப் பேருதவி செய்தவராவார். எழுதிவைக்காதவரின் மாடு தடுப்பூசியினாலேயே குற்றவாளியாகலாம்.

நிற்க. முதல் உதாரணத்தில் திரண்ட 67 மாடுகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் கழிப்பது அநியாயம். எல்லாவற்றையும் விடுவது அபாயம். அவற்றை மட்டும் வேறு வகையான பரீக்ஷைக்கு அனுப்புவதே வழி. அந்த இரண்டாம் பரீக்ஷை நோயுள்ளவற்றில் 100-க்கு 90-ஐக் காட்டி, நோயற்றவற்றில் 100-க்கு 2-ஐ மட்டும் தவறாகக் காட்டுமானால், 18-இல் சுமார் 16-ம், 49-இல் சுமார் ஒன்றும் மறுபடியும் மாட்டிக்கொள்ளும். பதினேழு காகிதங்களில் பதினாறு மெய். இரண்டு சாட்சிகள் ஒத்துச் சொன்ன பின்பு சந்தேகத்திற்கு இடம் சொற்பம்.

ஆனால் இரண்டாம் சாட்சி முதல் சாட்சியின் வாயைப் பார்த்துச் சொல்பவனாயிருக்கலாகாது. அதே ரத்தத்தை அதே பரீக்ஷைக்கு மறுபடி அனுப்பி, மறுபடியும் திரண்டது என்று காட்டுவதால் புதிதாய் ஒன்றும் தெரிவதில்லை. தடுப்பூசியாலோ வேறு கிருமியாலோ நேர்ந்த தவறு இரண்டாம் தடவையும் அப்படியே நேரும். பெருக்கல் கணக்கு செல்லுபடியாவது இரு பரீக்ஷைகளும் வெவ்வேறு காரணங்களால் தவறும்போது மட்டுமே. இதைக் கவனியாமல் பெருக்கிக்கொண்டே போவோர் பொய்யான நிச்சயத்தை அடைவர்.

இம்முறை ஏட்டோடு நின்றதன்று. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்திலேயே பெரிய அளவில் கையாளப்பட்டது. ஆவடியிலிருந்த குஷ்டரோக ஆராய்ச்சிக் கள நிலையத்தையும், சென்னையிலிருந்த வைத்தியப் புள்ளிவிவர ஆராய்ச்சி நிலையத்தையும் 1999-ஆம் ஆண்டில் ஒன்று சேர்த்து அமைத்த தேசியத் தொற்றுநோயியல் நிலையம் அங்கேதான் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில், கொரோனா நோய் தேசத்தில் எவ்வளவு பேருக்கு வந்துபோயிற்று என்று அறிய, 70 ஜில்லாக்களில் 28,000 பெரியவர்களின் ரத்தம் பரீக்ஷிக்கப்பட்டது; அவ்வேலைக்கு இந்நிலையத்தார் தலைமை வகித்தனர். நோய் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தபடியால், ஒரே பரீக்ஷையை நம்பினால் என்ன நேரும் என்பது கணக்கறிந்தோருக்குத் தெரிந்ததே. நோயற்றவர்களில் நூற்றுக்கு இரண்டே பேரைத் தவறாகக் காட்டும் பரீக்ஷையாயினும், ஆயிரம் பேரில் சுமார் 20 பொய் முடிவுகள் வரும். மெய்யானவை ஏழுக்குமேல் இரா. ஆகையால் முதற் பரீக்ஷையில் அகப்பட்டவர்களின் ரத்தத்தை வேறு வகைப் பரீக்ஷை ஒன்றுக்கும் உட்படுத்தி, அதன் பின்னும் பரீக்ஷைகளின் பிழைக்கு ஈடு கொடுத்தே, 100-க்கு 0.73 பேர் என்று முடிவு வெளியிடப்பட்டது.

நோயற்றவர்களையும் ஒரு பரீக்ஷை காட்டிவிடும் என்பதற்கு இதே பிரதேசத்தில் அதைவிடப் பழைய சான்றும் உண்டு. 1968-இல் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் க்ஷயரோகத் தடுப்பான பி.ஸி.ஜி. ஊசியைப் பற்றி இரண்டரை இலட்சம் பேருக்கு மேற்பட்டவர்களிடையே ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. தோலில் போட்டு வீக்கத்தை அளக்கும் டியூபர்குலின் பரீக்ஷையில், க்ஷயக் கிருமி தொற்றாத பலருக்கும் ஓரளவு வீக்கம் காணப்பட்டது. மண்ணிலும் நீரிலும் இருக்கும் அவ்வினத்துச் சாதுவான கிருமிகள் உடம்பில் பட்டதே காரணம் என்று கண்டனர். குளிர்ந்த தேசத்தில் சரியாயிருந்த அளவுகோல், இவ்விடத்து மண்ணில் அப்படியே பொருந்தவில்லை. மாட்டிற்குச் செய்யும் க்ஷயப் பரீக்ஷைக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

இனி முன் விகிதத்தை எங்கிருந்து பெறுவது என்னும் கேள்வி எழும். இதுவே கணக்கின் கஷ்டமான பாகம், புத்தகத்தில் கிடைப்பதன்று. ஊரில் சென்ற இரண்டு வருஷத்தில் எத்தனைப் பசுக்கள் ஐந்து மாதத்திற்குப் பின் கன்று வீசின? அவை யாருடைய கொட்டிலைச் சேர்ந்தவை? அண்மையில் சந்தையில் வாங்கிய மாடுகள் எத்தனை? கன்று வீசிய பசுவோடு ஒரே குட்டையில் நீர் குடித்தவை எவை? பொலிகாளை ஒன்றே பல ஊர்ப் பசுக்களுக்கு விடப்பட்டதா? இவற்றிற்கு விடை தெரிந்தவர் ஊரிலேதான் இருக்கின்றனர். பால் சங்கத்துக் காரியதரிசியோ, கிராம நிர்வாக அதிகாரியோ, பஞ்சாயத்துத் தலைவரோ ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, வீட்டுக்காரர் பெயர், காது வில்லை எண், கன்று வீசிய மாதம் என்று நான்கு பத்தி கோடிட்டு எழுதிவந்தால், வருஷ முடிவில் அந்த ஊரின் முன் விகிதம் உத்தேசமாகவேனும் கிடைத்துவிடும். அப்புத்தகம் இல்லாத ஊரில் வைத்தியர் ஊகத்தின்மேல் கணக்குப் போட வேண்டியதாகிறது. கன்று வீசியதை வெளியில் சொல்வது அவமானம் என்று மறைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அவ்வழக்கத்தால் நல்ல மாடு வைத்திருப்பவருக்கே முதலில் கெடுதி. ஊர் முழுவதும் சந்தேகத்திற்குள்ளாகுமன்றோ?

நோயில்லை என்று வந்த காகிதத்தையும் இவ்வாறே படிக்க வேண்டும். கன்று வீச்சு அரிதான ஊரில் திரளாதவை 933. அவற்றில் தப்பிய நோயுள்ளவை 2. கவலையில்லை. நோய் மலிந்த கொட்டில்களிலோ, திரளாத 695-இல் 30 மாடுகள் நோயுள்ளவை, இருபத்துமூன்றில் ஒன்று. அவ்வகைக் கொட்டிலிலிருந்து நோயில்லை என்ற ஒரே காகிதத்தோடு விற்பனைக்கு வரும் மாட்டை வாங்குவோர், மறு பரீக்ஷை ஆகும் வரை அதைத் தம் மந்தையோடு கலக்கவிடாமல் தனியே கட்டுவது நலம்.

முதற் காகிதத்திற்கும் இரண்டாம் பரீக்ஷைக்கும் இடைப்பட்ட நாட்களில் மாட்டை விற்கவோ பிறர் கொட்டிலுக்கு அனுப்பவோ கூடாது. சினையாயிருந்தால் ஈனுமிடத்தைத் தனியாக ஒதுக்க வேண்டும். கன்று வீசினால் அதையும் நஞ்சையும் நாய் இழுத்துச் செல்லாதபடி, கையுறை அணிந்து எடுத்து, ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்து, அவ்விடத்தைக் கிருமிநாசினியால் கழுவ வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அவ்வேலையில் கை வைக்கலாகாது. பாலை நன்றாய்ப் பொங்கக் காய்ச்சியே உபயோகிக்க வேண்டும். காகிதத்தை வைத்தியரிடம் கொண்டுபோகும்போது, காது வில்லை எண், தடுப்பூசித் தேதி, பசு இதுவரை ஈன்ற விவரம், அது வாங்கப்பட்ட இடம் ஆகியவற்றை எழுதி உடன் கொண்டுபோவது அவசியம். அவையில்லாமல் அவர் அந்தக் காகிதத்தில் காணக்கூடியது ஒரு துளி திரண்டது என்பது மட்டுமே.